மன்னிப்பு வேறு, பதவி வேறு: தொடக்கத் திருச்சபைத் தலைவர்களின் மனச்சாட்சி

‘என் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல்தான் நடந்தேன்’ என்று இன்று ஒருவர் சொல்லிவிட்டால், பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கேள்வி கேட்பது அவருடைய அந்தரங்கத்தில் தலையிடுவதாகக் கருதப்படுகிறது. கிறிஸ்தவத் திருச்சபையின் முதல் நான்கு நூற்றாண்டுகளில், தலைமைப் பொறுப்பில் இருந்த ஒருவர் இப்படிச் சொன்னால், விசாரணை அங்கேதான் தொடங்கியது. அவருடைய மனச்சாட்சி கடவுளுக்கு முன் மட்டுமல்லாமல், அவரை அறிந்த மக்களுக்கும் உடன் தலைவர்களுக்கும் முன்னாலும் திறந்து காட்டப்பட வேண்டிய ஒன்றாக இருந்தது. இந்தக் கருத்து எப்படி உருவானது, அதை வைத்து அவர்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்பதை, இதைப் பற்றி முன்பின் படித்திராதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் மூன்றாம் நூற்றாண்டில் ஆயராக இருந்த சிப்பிரியானின் கதையில்தான் அதிக நேரம் செலவிடப்போகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியின் எல்லா முடிச்சுகளும் அவருடைய ஒன்பது பத்து ஆண்டுப் பணிக்காலத்துக்குள்ளேயே விழுந்தன.

தலைவர்கள் என்று இங்கே சொல்வது மூன்று நிலையினரை. ஒரு நகரத்துத் திருச்சபை முழுவதற்கும் பொறுப்பானவர் ஆயர். அவருக்கு ஆலோசனை சொல்லவும் துணை நிற்கவும் மூப்பர்கள். ஏழைகள், விதவைகள், நோயாளிகள் ஆகியோரின் தேவைகளைக் கவனிக்கத் திருத்தொண்டர்கள். முதல் நூற்றாண்டில் இந்தப் பெயர்கள் இடத்துக்கு இடம் சற்றே மாறி வழங்கின என்றாலும், மூன்றாம் நூற்றாண்டுக்குள் இந்த அமைப்பு நிலைத்துவிட்டது.

பவுல் வகுத்த அடிப்படை

மனச்சாட்சியைப் பற்றிய கிறிஸ்தவச் சிந்தனைக்கு முதலில் வடிவம் கொடுத்தவர் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த திருத்தூதர் பவுல். கொரிந்து நகரத்தில் சிலைகளுக்குப் படைக்கப்பட்ட இறைச்சியைக் கிறிஸ்தவர்கள் உண்ணலாமா என்ற சிக்கல் எழுந்தது. சிலை என்பது ஒன்றுமில்லை, ஆகவே இறைச்சியில் தீட்டு எதுவும் இல்லை என்று விவரம் அறிந்தவர்கள் வாதிட்டார்கள். பவுல் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டார். ஆனால், நேற்றுவரை அந்தச் சிலைகளை வணங்கிவந்த ஒருவர், தேறிய கிறிஸ்தவர் உண்பதைப் பார்த்துத் தன் மனச்சாட்சிக்கு மாறாகத் தானும் உண்டுவிட்டால், அந்த மெலிந்த மனத்தைக் காயப்படுத்திய குற்றம் யாரைச் சேரும் என்று கேட்டார். அப்படி ஒரு சகோதரன் இடறி விழுவதற்கு உணவு காரணமாகுமானால், நான் என்றைக்குமே இறைச்சி உண்ணமாட்டேன் என்று அவரே பதிலும் சொன்னார். இதிலிருந்து தலைவருக்குரிய ஒரு பாடம் பிறந்தது. தன் மனச்சாட்சி சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. தன் செயல் மற்றவருடைய மனச்சாட்சியை என்ன செய்கிறது என்பதற்கும் அவர் பொறுப்பாளி.

கொரிந்து சபைக்கு இதை எழுதிய அதே கடிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது. தன்னைப் பொறுத்தவரை தனக்கு எந்தக் குற்றமும் தெரியவில்லை என்றும், ஆனாலும் அதனாலேயே தான் நீதிமானாகிவிடுவதில்லை என்றும், தன்னை விசாரிக்கிறவர் ஆண்டவரே என்றும் பவுல் எழுதுகிறார். மனச்சாட்சி நம்பத்தகுந்த சாட்சிதான், ஆனால் அதுவே நீதிபதியாகிவிட முடியாது என்ற இந்த எச்சரிக்கையை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பின்னால் வந்த தலைவர்கள் இதை நினைவில் வைத்திருந்தபோது நன்றாகவும், மறந்தபோது மோசமாகவும் முடிவெடுத்தார்கள்.

எபேசு சபையின் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்து விடைபெற்றபோது, உங்களில் எவருடைய இரத்தப் பழியும் என்மேல் இல்லை என்று பவுல் சொன்னதாகப் புதிய ஏற்பாட்டின் திருத்தூதர் பணிகள் என்ற நூல் கூறுகிறது. இந்தப் பேச்சுக்குப் பின்னால் எசேக்கியேல் இறைவாக்கினரின் காவற்காரன் இருக்கிறான். வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரனிடம், மாண்டவர்களுடைய இரத்தத்துக்குக் கணக்குக் கேட்கப்படும். தலைவர்கள் உங்கள் ஆத்துமாக்களுக்காகக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்று எபிரேயருக்கு எழுதிய கடிதமும் இதையே சொல்கிறது. தலைமை என்பது கணக்கு ஒப்புவிக்கும் பொறுப்பு என்ற எண்ணம் இப்படித்தான் ஊன்றப்பட்டது.

இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்கு ஒரு சிறிய எடுத்துக்காட்டு கிடைக்கிறது. பிலிப்பி நகரத்தில் மூப்பராக இருந்த வாலன்ஸ் என்பவரும் அவருடைய மனைவியும் பண ஆசையால் தவறிவிட்டார்கள். அந்தச் சபைக்குக் கடிதம் எழுதிய சிமிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப்பு, தன்னையே ஆளத் தெரியாதவன் பிறருக்கு எப்படிப் போதிப்பான் என்று கண்டிப்பாகக் கேட்டுவிட்டு, உடனே அவர்களைப் பகைவர்களாக எண்ணாதீர்கள், நோயுற்ற உறுப்புகளாக எண்ணி மீட்டெடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறார். கண்டிப்பும் மீட்பும் ஒரே மூச்சில் வருகின்றன. வாலன்ஸ் மீண்டும் மூப்பராக வேண்டும் என்று பொலிக்கார்ப்பு கேட்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஓடி ஒளிந்த ஆயர்

சிப்பிரியான் கார்த்தேஜில் பேச்சுக்கலை ஆசிரியராக இருந்தவர். வசதியும் செல்வாக்கும் உள்ளவர். 246-ஐ ஒட்டிக் கிறிஸ்தவரானார்; இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே மக்களின் வற்புறுத்தலால் ஆயரானார். புதிதாகச் சேர்ந்தவருக்கு இத்தனை விரைவில் இந்தப் பொறுப்பா என்று மூப்பர்கள் ஐந்து பேர் எதிர்த்தார்கள். அந்தக் கசப்பு பின்னாளில் அவரை விடாமல் துரத்தியது.

249-இல் பேரரசரான டேசியஸ், பேரரசின் குடிமக்கள் அனைவரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலி செலுத்த வேண்டும் என்றும், அதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் ஆணையிட்டார். இப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் எகிப்தின் மணலில் பாப்பிரஸ் ஏடுகளாகக் கிடைத்திருக்கின்றன. ‘நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில், ஆணையின்படி, பானப்படையல் வார்த்து, பலியிட்டு, படைத்ததை உண்டேன், இதைச் சான்றளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்’ என்ற வகையில் அவற்றின் வாசகம் அமைந்திருக்கும். கீழே அதிகாரிகளின் கையெழுத்தும் நாளும் இருக்கும். பார்ப்பதற்கு ஓர் அலுவலகப் படிவம்தான், ஆனால் அதில் ஒரு கிறிஸ்தவர் பெயரைச் சேர்ப்பது அவருடைய நம்பிக்கையைக் கைவிடுவதற்குச் சமம்.

இந்தத் துன்புறுத்தலில் ரோமின் ஆயர் ஃபேபியன் 250 ஜனவரி 20 அன்று உயிர்நீத்தார். கார்த்தேஜிலோ, சிப்பிரியானைச் சிங்கத்துக்குப் போடுங்கள் என்று கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் நகரத்தை விட்டு வெளியேறி மறைவிடத்துக்குச் சென்றுவிட்டார். ஓர் ஆண்டுக்கு மேல் அவர் திரும்பவில்லை.

அவர் செய்தது சரியா? ‘ஒரு நகரத்தில் உங்களைத் துன்புறுத்தினால் மறு நகரத்துக்கு ஓடிப்போங்கள்’ என்று இயேசு சீடர்களிடம் சொன்ன வார்த்தை அவருக்கு ஆதரவாக இருந்தது. ஓநாய் வருவதைக் கண்டு ஆடுகளை விட்டு ஓடுகிறவன் கூலியாள் என்று அதே இயேசு சொன்ன வார்த்தை அவருக்கு எதிராக இருந்தது. ஆயரை இழந்திருந்த ரோமின் மூப்பர்கள் கார்த்தேஜ் குருக்களுக்கு, அதாவது அங்கிருந்த மூப்பர்களுக்கும் திருத்தொண்டர்களுக்கும், ஒரு கடிதம் எழுதினார்கள். உங்கள் ஆயர் பெரிய மனிதர், அதனால் தக்க காரணத்தோடுதான் விலகியிருப்பார் என்று தொடங்கிய அந்தக் கடிதம், சில வரிகளுக்குள்ளேயே நல்ல ஆயனையும் கூலியாளையும் பற்றிய நற்செய்தி வசனத்துக்குப் போய்விட்டது. யாரைக் குத்துகிறது என்பது படிக்கிற எவருக்கும் விளங்கும். அந்தக் கடிதம் சிப்பிரியானின் கைக்கு வந்தது. அவர் அதை ரோமுக்கே திருப்பி அனுப்பினார். யார் யாருக்கு எழுதியது என்பது தெளிவாக இல்லை, எழுத்தும் கருத்தும் தாளும்கூட எனக்கு ஐயத்தைத் தருகின்றன, இது நீங்கள் எழுதியதுதானா என்று சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். அதில் அவருடைய மனப்புண் தெரிகிறது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அவர் அடுத்துச் செய்த காரியம்தான். ரோமின் குருக்கள் அவருக்கு மேலதிகாரிகள் அல்லர். அவர்களுக்குப் பதில் சொல்லும் கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனாலும் அவர் விளக்கக் கடிதம் எழுதினார். தன் உயிரை எண்ணி விலகவில்லை, தன் பெயரைச் சொல்லிக் கலவரம் மூண்டால் மக்கள் எல்லாரும் பாதிக்கப்படுவார்களே என்றுதான் விலகினேன் என்றார். உடலால் விலகியிருந்தாலும் பணியால் விலகவில்லை என்பதற்குச் சான்றாக, மறைவிலிருந்து தான் எழுதிய 13 கடிதங்களின் படிகளை இணைத்து அனுப்பினார். அந்தக் கடிதங்களில் சிறையிலிருந்தவர்களுக்கு ஆறுதல் இருந்தது; விதவைகளையும் நோயாளிகளையும் வெளியூர் ஏழைகளையும் கவனிப்பதற்குத் தன் சொந்தப் பணத்தில் ஒரு பகுதியை மூப்பர் ரோகாசியானுவிடம் விட்டு வந்த விவரம் இருந்தது. ‘என் மனச்சாட்சிக்குத் தெரியும்’ என்று சொல்லி அவர் நிறுத்திக்கொண்டிருக்கலாம். அதற்குப் பதில் ஆவணங்களைக் கொடுத்தார். ஆயர் பொறுப்பேற்ற நாள்முதல், உங்கள் ஆலோசனையும் மக்களின் ஒப்புதலும் இல்லாமல் என் சொந்தக் கருத்தின்படி எதையும் செய்வதில்லை என்று உறுதி பூண்டிருக்கிறேன் என்று தன் மூப்பர்களுக்கும் திருத்தொண்டர்களுக்கும் எழுதியிருந்தவர் அவர்.

கறைபடாத கையும் கறைபட்ட மனச்சாட்சியும்

இதற்கிடையில் கார்த்தேஜில் பெருந்தொகையான கிறிஸ்தவர்கள் ஆணைக்குப் பணிந்திருந்தார்கள். சிலர் பலியிட்டார்கள், சிலர் தூபம் மட்டும் போட்டார்கள், சிலர் பணம் கொடுத்துப் பலியிடாமலேயே சான்றிதழை மட்டும் வாங்கிவிட்டார்கள். கைது செய்யப்படும்வரைகூடக் காத்திராமல் தாங்களாகவே மன்றத்துக்கு ஓடியவர்கள் உண்டு. பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது, இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்களும் உண்டு என்று சிப்பிரியான் வேதனையோடு எழுதுகிறார். ஆனால் அந்த வீழ்ச்சிக்கான பழியை அவர் மக்கள் தலையில் மட்டும் போட்டுவிடவில்லை. தங்கள் சபையை விட்டுவிட்டு வேறு மாநிலங்களில் சந்தை சந்தையாக லாபம் தேடி அலைந்தவர்கள், சபையில் சகோதரர்கள் பசித்திருக்க வட்டிக்கு மேல் வட்டி சேர்த்தவர்கள் என்று பல ஆயர்களையே அவர் முதலில் சுட்டிக்காட்டுகிறார்.

தவறியவர்கள் திரும்பி வர விரும்பினார்கள். அவர்களை எப்படிச் சேர்ப்பது? சித்திரவதையிலும் நம்பிக்கையை மறுக்காமல் அறிக்கையிட்டதால் அறிக்கையாளர்கள் எனப்பட்டவர்கள் சிலர், தவறியவர்களைச் சபையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் சமாதானச் சீட்டுகளைச் சிறையிலிருந்தே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ‘இன்னாரையும் அவரைச் சார்ந்தவர்களையும் சேர்த்துக்கொள்க’ என்று ஒரு சீட்டு வந்தால், சார்ந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு இருபது முப்பது பேர் வந்து நிற்பார்கள் என்று சிப்பிரியான் கவலைப்பட்டார். அறிக்கையாளர்களின் தியாகத்தை அவர் மதித்தார். ஆனால் பெயரே தெரியாத ஒருவருடைய குற்றத்தை, அவரைப் பார்க்காமலேயே, அவர் என்ன செய்தார் என்று கேட்காமலேயே, மூன்றாம் மனிதர் மன்னித்துவிட முடியாது என்பதில் உறுதியாக இருந்தார். துன்புறுத்தல் ஓயட்டும், எல்லாரும் கூடி ஆராய்ந்து முடிவெடுப்போம் என்றார்.

251-இல் அவர் கார்த்தேஜுக்குத் திரும்பிய பிறகு ஆப்பிரிக்க ஆயர்களின் சங்கம் கூடியது. ஒரு பக்கம் எல்லாரையும் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஃபெலிசிசிமுவின் கூட்டம் கார்த்தேஜிலேயே பிரிந்து நின்றது. மறுபக்கம் ஒருவரையும் என்றைக்குமே சேர்க்கக்கூடாது என்று நோவாசியனின் கூட்டம் ரோமில் பிரிந்து நின்றது. சங்கம் இரண்டையும் ஏற்கவில்லை. சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை, அவரவர் நிலையைத் தனித்தனியே விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் நீண்ட தவத்தில், அதாவது குற்றத்துக்காக வருந்தும் ஒறுத்தலில், இருக்க வேண்டும், சாகும் தறுவாயில் அவர்களுக்குச் சமாதானம் மறுக்கப்படக்கூடாது என்பது முடிவு. பின்னர் மீண்டும் ஒரு துன்புறுத்தல் வரப்போகிறது என்று தெரிந்தபோது, தவத்தில் இருந்த அனைவருக்குமே சமாதானம் கொடுத்துவிட்டார்கள். கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்தச் சொல்லிவிட்டு, கிறிஸ்துவின் இரத்தமாகிய நற்கருணையை அவர்களுக்கு எப்படி மறுப்பது என்று கேட்டார்கள்.

இந்த முடிவை அந்தோனியானு என்ற ஆயருக்கு விளக்கி எழுதிய கடிதத்தில்தான் சிப்பிரியானின் நுட்பம் வெளிப்படுகிறது. ஆணை வந்ததும் தாவிப் போய்ப் பலியிட்டவனும், நெடுநேரம் போராடி வேறு வழியில்லாமல் பலியிட்டவனும் ஒன்றா என்று கேட்கிறார். மனைவி மக்களையும் வீட்டிலுள்ளவர்களையும் இழுத்துச் சென்றவனும், அவர்கள் எல்லாரையும் காப்பாற்றத் தான் ஒருவனாக அந்த இக்கட்டில் போய் நின்றவனும் ஒன்றா என்று கேட்கிறார். பிறகு, சான்றிதழ் வாங்கிய ஒருவனையே பேச விடுகிறார். பலியிடக்கூடாது என்று ஆயரின் போதனையில் கேட்டிருந்தேன். அதனால் அதிகாரியிடம் போய், நான் கிறிஸ்தவன், பலிபீடத்துக்கு வரமுடியாது, வராமல் இருப்பதற்காகப் பணம் தருகிறேன் என்றேன். அதுவும் தவறு என்று எனக்குத் தெரியாது என்கிறான் அவன். அவனுடைய கை சுத்தமாக இருக்கிறது, வாய் படையலைத் தொடவில்லை, ஆனாலும் மனச்சாட்சி கறைபட்டுவிட்டது என்று தெரிந்ததும் அவன் அழுகிறான், இனித் தவறமாட்டேன் என்கிறான் என்று சிப்பிரியான் எழுதுகிறார். அறியாமையால் வந்த பிழைக்கும் துணிந்து செய்த குற்றத்துக்கும் எடை வேறு என்பதை அவர் பார்க்கிறார். இன்னோர் இடத்தில், பலியும் இடாமல், சான்றிதழும் வாங்காமல், ‘வாங்கிவிடலாமா’ என்று மனத்தில் நினைத்ததற்காக மட்டுமே குருக்களிடம் வந்து வருந்தி அறிக்கையிட்டவர்களை அவர் புகழ்கிறார்.

இரண்டு ஸ்பானிய ஆயர்கள்

பொதுமக்களிடம் காட்டிய இந்தக் கனிவு, தவறிய ஆயர்களிடம் எந்த அளவுக்குப் போகும்? இதற்கு ஒரு வழக்கு 254-ஐ ஒட்டி வந்தது. இன்றைய ஸ்பெயினில் உள்ள லெயோன், அஸ்தோர்கா பகுதிகளின் ஆயர் பசிலிதெசும், மெரிதாவின் ஆயர் மர்சியாலிசும் சான்றிதழ் வாங்கியவர்கள். மர்சியாலிஸ் புறமதத்தவரின் ஈமச்சங்க விருந்துகளில் கலந்துகொண்டதோடு, தன் பிள்ளைகளையே அவர்களுடைய முறைப்படி அடக்கம் செய்திருந்தார். பசிலிதெஸ் தன் மனச்சாட்சியின் காயத்தால் தாமாகவே பதவியைத் துறந்தார். பொதுநிலையினனாகச் சபையில் சேர்த்துக்கொண்டால் அதுவே எனக்குப் பாக்கியம் என்றார். அவருக்குப் பதிலாகச் சபினு என்பவரை மக்களும் அண்டை ஆயர்களும் தேர்ந்தெடுத்தார்கள்.

அதன்பிறகு பசிலிதெஸ் ரோமுக்குப் போய், நடந்ததை மறைத்து, ஆயர் ஸ்தேவானிடம் தன்னை மீண்டும் பதவியில் அமர்த்த ஆதரவு வாங்கிவிட்டார். ஸ்பானிய மக்கள் கார்த்தேஜிடம் முறையிட்டார்கள். சிப்பிரியானும் உடனிருந்த ஆயர்களுமாக 37 பேர் சேர்ந்து பதில் எழுதினார்கள். இத்தகையவர்கள் தவம் செய்து சபையில் சேரலாம், ஆனால் ஆயர் பணிக்குத் திரும்ப முடியாது. முன்பு ரோமின் ஆயர் கொர்னேலியு காலத்திலேயே இது எல்லா ஆயர்களாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட முடிவு என்றார்கள். தூரத்தில் இருந்ததால் உண்மை அறியாமல் கவனக்குறைவால் ஏமாந்த ஸ்தேவானைவிட, திட்டமிட்டு ஏமாற்றியவரே பெரிய குற்றவாளி என்றும் சொன்னார்கள்.

பசிலிதெசை நினைக்கும்போது எனக்கு இரக்கம் வருகிறது. பதவியை விட்ட நாளில் அவருடைய மனச்சாட்சி உண்மையாகத்தான் பேசியது. மன்னிப்புக் கிடைத்துவிட்ட பிறகு, மன்னிக்கப்பட்டேனே, பழைய இடம் ஏன் கிடைக்கக்கூடாது என்று அவர் எண்ணத் தொடங்கியதுதான் சறுக்கல். ஆப்பிரிக்க ஆயர்களின் பதில் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. மன்னிப்பு, தவறியவருக்கும் கடவுளுக்கும் சபைக்கும் இடையிலான உறவைச் சரிசெய்கிறது. பதவியோ மற்றவர்களின் நன்மைக்காக ஒருவரிடம் ஒப்படைக்கப்படுவது. மக்களை வழிநடத்தும் தகுதி போய்விட்டது என்று சொல்வதற்காக அவருடைய மனமாற்றம் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. கணக்கில் கையாடல் செய்த சங்கப் பொருளாளரை அவருடைய நண்பர்கள் மனதார மன்னிக்கலாம். சாவியைத் திரும்பக் கொடுப்பது அவர்கள் விருப்பத்துக்கு உட்பட்டதல்ல.

அந்தக் கடிதம் மக்களையும் விட்டுவைக்கவில்லை. தகுதியானவரைத் தேர்ந்தெடுக்கவும் தகாதவரை மறுக்கவும் அதிகாரம் பெரும்பாலும் மக்களிடமே இருக்கிறது என்றும், ஒவ்வொருவருடைய வாழ்க்கையையும் அருகிலிருந்து அறிந்தவர்கள் அவர்களே என்பதால்தான் ஆயர் தேர்வு அவர்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. குற்றவாளியான ஆயரைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் மக்களுக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு என்றது. இந்தக் கடைசி வாக்கியம் பின்னாளில் எத்தனை பெரிய பிளவுக்குப் பயன்படுத்தப்படும் என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

சிப்பிரியானின் முடிவையும் சொல்லிவிட வேண்டும், அது அவருடைய பழைய விலகலோடு தொடர்புடையது. 257-இல் பேரரசர் வலேரியனின் ஆணைப்படி விசாரிக்கப்பட்டபோது, மூப்பர்களின் பெயர்களைச் சொல்லும்படி அதிகாரி கேட்டார். காட்டிக்கொடுப்பதை உங்கள் சட்டங்களே தடை செய்திருக்கின்றன, ஆகவே சொல்ல மாட்டேன் என்று மறுத்தார். குருபிஸ் என்ற ஊருக்கு நாடு கடத்தப்பட்டார். அடுத்த ஆண்டு, அவரை அப்போது ஆளுநர் இருந்த ஊத்திக்கா நகரத்துக்குக் கொண்டுபோக வீரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் மறுபடியும் மறைந்தார். ஆனால் இம்முறை காரணத்தைத் தன் மக்களுக்கு எழுதினார்: ஓர் ஆயர் எந்த நகரத்தின் சபையைத் தலைமை தாங்குகிறாரோ, அந்த நகரத்தில்தான் ஆண்டவரை அறிக்கையிட வேண்டும். ஆளுநர் கார்த்தேஜுக்குத் திரும்பியதும் இவரும் வெளிப்பட்டார். 258 செப்டம்பர் 14 அன்று, யோசித்துக்கொள் என்று ஆளுநர் சொன்னபோது, இத்தனை நியாயமான காரியத்தில் யோசிக்க ஒன்றுமில்லை, உமக்கு இட்ட கட்டளையைச் செய்யும் என்றார். தன் தலையை வெட்டப்போகிறவருக்கு 25 பொற்காசுகள் கொடுக்கும்படி நண்பர்களிடம் சொன்னார். எட்டு ஆண்டுகளுக்கு முன் மக்களுக்காக விலகினேன் என்று அவர் எழுதியது உண்மைதானா என்று ஐயப்பட்டவர்களுக்கு, அதைவிடத் தெளிவான பதிலை எழுத்தில் தந்திருக்க முடியாது.

மனச்சாட்சியும் பிழைபடும்

நான்காம் நூற்றாண்டில் பேரரசர்களே கிறிஸ்தவர்களானார்கள். ஆயரின் மனச்சாட்சி இப்போது அரசியலையும் தொட்டது. 390-இல் தெசலோனிக்கா நகரத்தில் படைத்தலைவர் புத்தேரிக், மக்களுக்குப் பிடித்த ஒரு தேரோட்டியைச் சிறையில் அடைத்ததால் கலவரம் மூண்டு, அவர் கொல்லப்பட்டார். பேரரசர் தியோடோசியஸின் வீரர்கள் பழிக்குப் பழியாக நகரமக்களைக் கொன்று குவித்தார்கள். மிலானின் ஆயர் அம்புரோசு, உடல்நலத்தைக் காரணம் காட்டி நகரத்தை விட்டு வெளியேறி, பேரரசர் மட்டும் படிப்பதற்காகத் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதினார். தாவீது அரசரின் பாவத்தையும் தவத்தையும் நினைவூட்டி, நீர் வந்து நிற்பீரானால் நான் பலி (நற்கருணை வழிபாடு) ஒப்புக்கொடுக்கத் துணியமாட்டேன் என்றார். ஆலய வாசலில் பேரரசரை அவர் தடுத்து நிறுத்தியதாகப் பின்னால் சொல்லப்பட்ட காட்சியைவிட, இந்த அந்தரங்கக் கடிதமே எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது. தியோடோசியஸ் அரச சின்னங்களைக் களைந்து சபையில் வெளிப்படையாக அழுது தவம் செய்தார்.

ஆனால் இதே அம்புரோசு, இரண்டே ஆண்டுகளுக்கு முன், இதே உறுதியோடு தவறான பக்கத்தில் நின்றார். யூப்ரத்தீசு ஆற்றங்கரையில் உள்ள கல்லினிக்கும் என்ற ஊரில் 388-இல் கிறிஸ்தவர்கள், தங்கள் ஆயரின் தூண்டுதலால் யூதர்களின் தொழுகைக்கூடத்தை எரித்துவிட்டார்கள். அந்த ஆயரே அதைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று தியோடோசியஸ் உத்தரவிட்டார். அது நியாயமான உத்தரவு. அம்புரோசு எதிர்த்தார், பேரரசர் வாக்குக் கொடுக்கும்வரை பீடத்துக்குப் போகவே மறுத்தார், பேரரசர் விட்டுக்கொடுத்தார். அந்த ஊரின் யூதர்கள் யாரிடம் போய் முறையிடுவார்கள்? தன்னில் குற்றம் தெரியாததாலேயே தான் நீதிமானாகிவிடுவதில்லை என்று பவுல் எழுதியதை அம்புரோசு நன்றாகவே படித்திருப்பார். அந்த நாளில் அவரை நிறுத்திக் கேள்வி கேட்க, சிப்பிரியானைக் கேட்ட ரோம மூப்பர்களைப் போல் ஒருவரும் இல்லை.

தலைவர் கெட்டால் சபை கெடுமா?

ஸ்பானியக் கடிதம் விட்டுச்சென்ற கேள்வி இது. 303-இல் டயோக்லீசியன் தொடங்கிய துன்புறுத்தலில் சில ஆயர்கள் திருநூல் ஏடுகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் சிசிலியான் கார்த்தேஜின் ஆயரானபோது, அவரைத் திருநிலைப்படுத்திய, அதாவது ஆயர் பணியில் அமர்த்திய, அப்துங்காவின் ஆயர் ஃபெலிக்ஸ் அப்படி ஏடுகளைக் கொடுத்தவர், ஆகவே சிசிலியான் ஆயரே அல்லர் என்று ஒரு கூட்டம் பிரிந்தது. தொனாத்து பிரிவினர் என்று பெயர்பெற்ற அவர்கள், தவறியவரின் கறை அவரோடு உறவுள்ள எல்லாரையும் பற்றும் என்றார்கள். சான்றாக அவர்கள் காட்டியது சிப்பிரியானைத்தான். விசாரணையில் ஃபெலிக்ஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது, பிரிவு ஆறவில்லை.

நூறு ஆண்டுகள் கழித்து இவர்களுக்கு நிதானமாகப் பதில் சொன்னவர் ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன். பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் யூதாஸ் கொடுத்தாலும், கொடுக்கிறவர் கிறிஸ்துவே என்றார். தலைவரின் குற்றம் அவருடைய குற்றம். அவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு பெற்றுக்கொண்ட மக்களின் கணக்கில் அது ஏறாது. இதனால் தலைவரின் சுமை குறைந்துவிடவில்லை. தன் திருநிலைப்பாட்டின் ஆண்டு நாளில் மக்களிடம் பேசியபோது, உங்களுக்காக நான் ஆயராய் இருப்பது எனக்கு அச்சம் தருகிறது, உங்களோடு நான் கிறிஸ்தவனாய் இருப்பது எனக்கு ஆறுதல் தருகிறது என்று அகுஸ்தீன் சொன்னார்.

இந்தப் பதிலுக்கான சட்ட வடிவம் அகுஸ்தீனுக்கு முன்பே, 314-இல் இன்றைய பிரான்சில் உள்ள ஆர்ல் நகரத்தில் கூடிய ஆயர் சங்கத்தில் கிடைத்திருந்தது. திருநூலையோ சபையின் பாத்திரங்களையோ சகோதரர்களின் பெயர்களையோ ஒப்படைத்த குரு, பணியிலிருந்து நீக்கப்பட வேண்டும். அது வெறும் வாய்ப்பேச்சால் அல்லாமல், அரசுப் பதிவேடுகளைக் கொண்டு நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். அவர் திருநிலைப்படுத்தியவர்கள் தகுதியுள்ளவர்களாக இருந்தால், அவருடைய குற்றத்தால் அவர்கள் பாதிக்கப்படக்கூடாது. சகோதரர்மேல் பொய்க்குற்றம் சாட்டுகிறவர்களைப் பற்றியும் அதே சங்கம் ஒரு விதி எழுதியது: சாகும் நாள்வரை அவர்களுக்கு நற்கருணை இல்லை.